ஃப்ரிட்ஜைப் பத்த வைக்கலாமா

ஃப்ரிட்ஜை நிறுத்தி வைக்கும்போது கதவை மூடக் கூடாதுங்க சார். நிறையப் பேருக்கு இது தெரியறதில்ல. உள்ள இருக்கற ஈரம் வெளிய போக வழியில்லாம பூசணம் பிடிச்சுடும். நல்லாத் துடைச்சு, ஒரு கிண்ணத்துல சமையல் சோடா வச்சு, கதவு இடுக்குல ஒரு துண்டை மடிச்சுச் செருகி, லேசாத் திறந்தாப்புல விடணும்.

நீங்க என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் செத்ததைப் பத்திக் கேக்கறீங்க. தெரியுது. நான் எதையும் மறைக்கப் போறதில்ல. ஆனா ஃப்ரிட்ஜ்ல இருந்து ஆரம்பிச்சாத்தான் உங்களுக்குப் புரியும்.

அந்தக் கேரவன் வண்டி அப்பா எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா விட்டுட்டுப் போனது. படுக்க, சமைக்க எல்லா வசதியும் உள்ளயே. அதுல இருக்கற ஃப்ரிட்ஜுக்கு வீட்டுல மாதிரி மோட்டார் கிடையாது, கேஸ்ல ஓடும். பின்னாடி ஒரு சின்னத் தீ எரியும், அந்தச் சூட்டுலதான் உள்ள குளிரும். எரிஞ்ச கெட்ட காத்து வெளிப்பக்கம் இருக்கற சல்லடை வழியாப் போயிடும். மொதத் தடவை இதை என் வீட்டுக்காரிகிட்ட சொன்னப்போ, "தீயை வச்சுக் குளிர வைக்கறதா, எனக்கே காது குத்தறீங்களா"ன்னா.

குளிர்காலத்துக்கு வண்டியை ஷெட்டுல விடறது என் பொறுப்பு. அந்த கேஸ் வாடைக்குக் குளவி வந்து கூடு கட்டும். அதனால சல்லடை மேல பிளாஸ்டிக் தாள் வச்சு ஒட்டிடுவேன். ஒட்டியிருக்கும்போது யாரும் தெரியாம ஃப்ரிட்ஜைப் பத்த வச்சுடக் கூடாது இல்லையா, கெட்ட காத்து வண்டிக்குள்ளயே திரும்பிடும். அதுக்கு அப்பா ஒரு வழி பண்ணியிருந்தார். உள்ள இருக்கற கேஸ் குமிழ்ல ஒரு சிவப்புத் துணியைக் கட்டிடுவார். துணி இருந்தா மூடியிருக்குன்னு அர்த்தம், தொடக் கூடாது. துணி இல்லன்னா பத்த வைக்கலாம். எங்க வீட்டுல யாரும் வெளிய போய்ச் சல்லடையை எட்டிப் பாக்க மாட்டோம். துணியைத்தான் பாப்போம்.

தம்பி தங்கமான பையன். எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்றேன். வாய் நிறைய அண்ணா அண்ணான்னு கூப்பிடுவான். ஆனா எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கற வழக்கமே கிடையாது. போன கோடையில வண்டியை எடுத்துட்டுப் போனான். திரும்பி வந்து கேஸை நிறுத்திட்டு, மிச்ச மீனை உள்ளயே விட்டுட்டு, கதவை இறுக்கிச் சாத்திட்டுப் போயிட்டான். வெயில்ல அப்படியே கிடந்திருக்கு. நான் திறந்தப்போ என்ன இருந்துச்சுன்னு சொல்ல வேண்டாம், நீங்க இப்பத்தான் சாப்பிட்டிருப்பீங்க. வினிகர், எலுமிச்சை, கரித்தூள், எதுக்கும் மசியல. கதவு ரப்பரைக் கழட்டி, மடிப்பு மடிப்பா பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சேன். சோத்துல கை வச்சா அந்த நாத்தம். தலகாணியில அந்த நாத்தம். "வண்டியிலயும் ஒண்ணும் நாறல, உங்க மேலயும் நாறல, உங்க மண்டைக்குள்ளதான் நாறுது"ன்னு வீட்டுக்காரி அடுத்த அறைக்குப் படுக்கப் போயிட்டா.

தம்பிகிட்ட சொன்னேன். சிரிச்சான். "ஃப்ரிட்ஜ்தானேண்ணா, குடியா முழுகிப் போச்சு. அதைக் கழட்டி எறிஞ்சுட்டு அந்த இடத்துல செருப்பு வச்சுக்கலாம்"னான். விளையாட்டாத்தான் சொன்னான். எனக்கும் அது தெரியும்.

குளிர் ஆரம்பிச்சதும் அவனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் ஏதோ சண்டை. பையைத் தூக்கிட்டு வந்து நின்னான். "குளிர்காலம் முடியற வரைக்கும் கேரவன்ல இருந்துக்கறேண்ணா"ன்னான். அன்னைக்குக் காலையிலதான் நான் வண்டியைச் சுத்தம் பண்ணி, சல்லடையை ஒட்டி, துணியைக் கட்டிட்டு வந்திருந்தேன். குளிர்காலம் பூரா அதுக்குள்ள என்னென்ன அழுகிக் கிடக்குமோன்னு நெனச்சேன். அதை என்னால தாங்க முடியல சார். "தாராளமா இருடா, நானே எடுத்து நிறுத்தித் தர்றேன்"னேன்.

ஷெட்டுக்குப் போனேன். துணி அழுக்கா இருந்துச்சு. துவைக்கலாம்னு அவுத்துப் பையில போட்டுக்கிட்டேன். அழுக்குத் துணியைத் துவைக்கறது ஒரு குத்தமா. வண்டியை வெளிய எடுத்து, மைதானத்துல மதிலை ஒட்டி நிறுத்தினேன். சல்லடை இருக்கற பக்கம் மதில் பக்கமா வந்துடுச்சு. காத்து அடிக்காம இருக்குமேன்னுதான் அப்படி நிறுத்தினேன்.

கெட்ட காத்து வந்தாக் கத்தற கருவி ஒண்ணு வண்டிக் கூரையில இருக்கு. சமைக்கும்போதெல்லாம் கத்துதுன்னு தம்பி அதுல இருந்த பேட்டரியைக் கழட்டி டார்ச்சுல போட்டிருந்தான். நான் கழட்டல, அதை எழுதிக்குங்க. கழட்டினது எனக்குத் தெரியும், அதையும் எழுதிக்குங்க.

மறுநாள் காலையில ரொட்டி வாங்கிட்டு நான்தான் போனேன். சன்னலெல்லாம் குளிருக்கு இறுக்கி மூடியிருந்துச்சு. தட்டினேன், யாரும் எழுந்து வரல.

நாத்தம் அன்னைக்கோட போயிடுச்சு சார். அது நிஜம். இப்ப சத்தம் வந்திருக்கு. அந்த ஃப்ரிட்ஜ் ஓடும்போது பின்பக்கக் குழாய்ல மெல்லக் களுக் களுக்னு கேக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணி குடிக்கற மாதிரி. வண்டியைத்தான் நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களே. ஆனா எங்க படுக்கையறைச் சுவர்ல கேக்குது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காதை வைக்கச் சொன்னேன். வச்சா, என் மூஞ்சியைப் பாத்தா, அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நடுவுல நின்னுடும், அப்பாடான்னு இருக்கும், மறுபடி ஒரு மடக்கு. இந்த அறையிலயும் கேக்குது. பயமாத்தான் இருக்கு.

எல்லாரும் அந்தப் பொண்ணைப் பத்தித்தான் கேக்கறாங்க. தம்பி தனியாத்தான் வந்தான். சமாதானம் ஆகி அவ சாயங்காலமே அங்க போயிட்டான்னா, அது எனக்கு எப்படித் தெரியும். அவ மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. வண்டியில எப்ப ஏறினாலும் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்து வச்சுட்டுத்தான் இறங்குவா.

போன் விவரத்தை எடுத்திருக்கீங்க போல. சரி, சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். "பாலும் முட்டையும் வாங்கியிருக்கேன், ஃப்ரிட்ஜைப் பத்த வைக்கலாமாண்ணா"ன்னான். "துணி இருக்காடா"ன்னேன். இல்லன்னான். "அப்புறம் என்னடா கேள்வி"ன்னேன். இதுல ஒரு வார்த்தை பொய் இல்ல சார்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அவன் பொறந்ததுல இருந்து எதையும் கேட்டுச் செய்யறவன் கிடையாது. அன்னைக்கு அவனாக் கூப்பிடல. நான் போனை எடுத்ததும், அவன் வாயைத் திறக்கறதுக்கு முந்தியே, பக்கத்துல இருந்து அவ சொல்றது கேட்டுச்சு. "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பத்த வைங்க. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."