கயிறு பிடிக்கிற கை

1. மார்கழி மாதக் காலையில் வேம்பாரில் இரண்டு பேர் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.
2. மூத்தவர் சங்கு குளிப்பவர். இளையவர் அவருடைய மனைவியின் தம்பி. கடலடியில் இருக்கும் அத்தானை வள்ளத்திலிருந்து கயிற்றால் மேலே இழுப்பது இவர்தான் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.
3. மூத்தவர் தன் மணிக்கட்டை நீட்டி, "பலங்கொண்ட மட்டும் புடிலே" என்றார்.

இளையவர் பிடித்தார். மூத்தவர் கையைச் சுலபமாக உருவிக்கொண்டார்.

"நேத்து கயிறு வழுக்குனப்பவே நெனச்சேன்."

"குளிருக்கு விரல் மடங்க மாட்டேங்கு அத்தான். அக்கா உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தா. வெயில் ஏறுனா சரியாயிரும்."

"வெயில் ஏறுத வரைக்கும் எனக்கு அடியில மூச்சு தாங்குமால?"

இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"அப்ப குளிர் போற வரைக்கும் வேற ஆளை வச்சுக்கிடுங்க."

"உன் கையில கயிறு இருக்குன்னுதான் உங்கக்கா என்னையக் கடலுக்கே விடுதா. வேற எவன் கையிலயும் கொடுக்கச் சம்மதிப்பாளா?"

"அவகிட்ட சொல்லாண்டாம்."

"ஒத்தடம் கொடுத்தவளுக்குத் தெரியாதாக்கும்!"

இளையவர் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

"பின்ன என்ன செய்ய?"

"வெயில் ஏறுன பொறவு வாரோம்னு வள்ளக்காரர்ட்ட கேப்போம்."

"நம்ம ரெண்டு பேருக்காக அவரு காத்துக் கிடப்பாராக்கும்?"

"கிடந்தா போவோம். இல்லன்னா வீட்டுல கிடப்போம், ரெண்டு பேரும்."

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இறங்கிக்கொண்டார்கள். வள்ளக்காரர் சம்மதிக்காவிட்டால், இன்று இருவருமே கடலுக்குப் போவதில்லை.