அறுபத்தேழாவது நிமிடத்தைச் சொன்னவர்

தலைமை வகிக்கும் உதைபந்தாட்ட லீக் செயலாளர் திரு. நமசிவாயம் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மூத்த மதிப்பீட்டாளர் திரு. பூபாலசிங்கம் அவர்களே, காலை ஆட்டத்தை முடித்துவிட்டு உடை மாற்றவும் நேரமில்லாமல் வந்திருக்கும் மத்தியஸ்தர்களே, முன்வரிசையில் இருக்கும், அமரர் உமாசுதன் சேரின் மனைவி துஷ்யந்தி அக்கா, இந்தக் கொட்டாஞ்சேனை மண்டபத்தின் கதவுவரை நெருக்கிக்கொண்டு நிற்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ரூபிகா. வெள்ளவத்தையிலிருந்து வருகிறேன். உயர்தர வகுப்பில் படிக்கிறேன். எங்கள் கழகத்தின் பெண்கள் அணிக்கு நான்தான் தலைவி. இரங்கல் உரையை எப்படித் தொடங்குவது என்று நூலகத்தில் தேடிப் படித்துவிட்டுத்தான் வந்தேன். முதலில் இறந்தவரைப் புகழ வேண்டுமாம். மன்னிக்க வேண்டும், நான் ஒரு பிழையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். "முதலாம் தர மத்தியஸ்தர் அமரர் உமாசுதன்" என்று லீக் அச்சடித்திருக்கிறது.

உமாசுதன் சேர் முதலாம் தர மத்தியஸ்தர் அல்லர். பதினொரு வருடம் அவர் இரண்டாம் தரம். போன மாதம் டெங்குக் காய்ச்சலில் கண் மூடும்போதும் இரண்டாம் தரம். அப்படியானால் இந்தப் பத்தொன்பது நாட்களுக்குள் அவரை உயர்த்தியது யார்? எந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள்? எத்தனை புள்ளி போட்டார்கள்? அன்பினால்தான் அச்சடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அன்பு பதினொரு வருடமும் எந்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது என்பதுதான் தெரியவில்லை.

மத்தியஸ்தர்கள் எப்படி மேலே போகிறார்கள் என்பது இங்கே வந்திருக்கும் உறவினர்கள் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பிறகு லீக்கின் கையேட்டை இரண்டு தடவை வாசித்தேன். முதலில் மூன்றாம் தரம். விதிப் பரீட்சை எழுதி, ஓட்டப் பரீட்சை ஓடி, சிறிய ஆட்டங்களில் தேறினால் இரண்டாம் தரம். அதற்கு மேலே போக, ஒரே பருவத்தில் மூன்று ஆட்டங்களை மதிப்பீட்டாளர் வந்து பார்க்க வேண்டும். மூன்றிலும் எட்டுப் புள்ளிக்குக் குறையக் கூடாது. முக்கியமான பிழை ஒன்று விட்டாலே ஏழு தசம் ஒன்பதுக்கு இறங்கிவிடும். நாற்பத்தைந்து வயது ஆனால் கதவு மூடிவிடும். அவ்வளவுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மதிப்பீட்டாளர் வர வேண்டுமே. ஒரு வருடம் வரவேயில்லை. அடுத்த வருடம் வந்தார், ஆனால் தெமட்டகொடையில் நடந்த ஆட்டத்துக்குப் பொரளையில் போய் உட்கார்ந்திருந்தார். இன்னொரு வருடம் இரண்டு ஆட்டங்கள் நன்றாக முடிந்தன, மூன்றாவது ஆட்டம் அறுபத்தோராவது நிமிடத்தில் மழையில் நின்றது. முடியாத ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை என்றார்கள். சரி, முடிந்த இரண்டு ஆட்டங்களின் புள்ளிகள்? பருவம் முடிந்ததும் அவையும் காலாவதி. பால் பக்கெற்றா அது, திகதி போட்டு எறிவதற்கு?

ஒவ்வொரு வருடமும் உமாசுதன் சேர் மறுபடி விண்ணப்பித்தார். கொச்சிக்கடையில் ஒரு களஞ்சியசாலையில் மூட்டைகளைச் சரிபார்ப்பது அவருடைய தொழில். காலை வேலைக்குப் போகுமுன் காலிமுகத்திடலில் ஓடிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பையில் விசிலோடும் அட்டைகளோடும் கறுப்பு டேப் சுருள் ஒன்றும் இருக்கும். கோல் வலையில் ஓட்டை இருந்தால் யாரையும் கூப்பிட மாட்டார், தானே ஒட்டுவார். பெடியன்கள் சண்டைக்கு வந்தால் ஓடிப் போய்ச் சத்தம் போட மாட்டார். "மல்லி, கலபல வெண்ட எபா," பதறாதே தம்பி என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே மஞ்சள் அட்டையை எடுப்பார். மெதுவாகச் சொன்னாலும் அட்டை மஞ்சள்தான். துஷ்யந்தி அக்காவின் சொந்தத் தம்பிக்கே இரண்டு மஞ்சள் காட்டி வெளியே அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு வீட்டில் சோறு ஆறித்தான் கிடைத்தது என்று அக்கா நேற்றுச் சொல்லிச் சிரித்தார். பிறகு அழுதார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் அவருக்கு எல்லாம் சரியாக அமைந்தது. முதல் ஆட்டம் எட்டு தசம் மூன்று. இரண்டாவது எட்டு தசம் நான்கு. மூன்றாவது, எங்கள் பெண்கள் கிண்ண இறுதியாட்டம். நாற்பத்தைந்து வயதுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. பூபாலசிங்கம் சேர் நேரத்துக்கு வந்தார், சரியான மைதானத்துக்கு வந்தார், மழையும் இல்லை.

அறுபத்தேழாவது நிமிடத்தில் நான் கோல் அடித்தேன். ஒன்றுக்குப் பூச்சியம். அதற்கு ஒரு கணம் முன்னால் பந்து என் முழங்கைக்குக் கீழே உரசியது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் விதி தெளிவாக இருக்கிறது. தெரியாமல் பட்டாலும், பட்ட ஆளே உடனே கோல் போட்டால் அது கோல் அல்ல. அப்போது அந்த விதி எனக்குத் தெரியாது. என் கையை ஒரு தடவை பார்த்தேன், பிறகு எல்லோரும் என் மேலே விழுந்துவிட்டார்கள்.

உமாசுதன் சேர் பார்க்கவில்லை, அவருக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பேர் நின்றார்கள். உதவி மத்தியஸ்தர் பார்க்கவில்லை. பூபாலசிங்கம் சேரும் பார்க்கவில்லை. அந்த நேரம் அவர் குனிந்து, முந்திய நிமிடத்தில் காட்டிய மஞ்சள் அட்டையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். எதிரணிகூடக் கேட்கவில்லை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் நான் கையைப் பார்த்ததை உமாசுதன் சேர் பார்த்திருக்கிறார். ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது கேட்டார்.

"பிள்ளை, பந்து கையில பட்டதோ?"

"ஓம் சேர். லேசாத்தான் பட்டது."

"ம்ம். சரி, போய்க் கிண்ணத்தை வாங்குங்கோ."

அவ்வளவுதான். ஆட்டம் முடிந்த பிறகு முடிவை மாற்ற முடியாது. கிண்ணம் எங்களிடம்தான் இருக்கிறது. எங்கள் கோல்காப்பாளர் ஷிஹாராவின் வீட்டு அலுமாரியில், கண்ணாடிக்குப் பின்னால்.

அணித்தலைவி என்பதால் வீராங்கனைகளின் அடையாள அட்டைகளைத் திரும்ப வாங்க மத்தியஸ்தர் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஒட்டுக் கேட்கப் போகவில்லை, ஆனால் கேட்டது. கேட்டதை அப்படியே சொல்கிறேன். பூபாலசிங்கம் சேர் பிழையிருந்தால் திருத்தலாம்.

"உமா, நல்ல ஆட்டம். எட்டு தசம் நாலு போடப்போறன். முறைக்கு ஒரு கேள்வி கேக்கவேணும். மாத்த விரும்புற தீர்ப்பு ஏதும் உண்டோ?"

"ஓம் அண்ணை. அறுபத்தேழாவது நிமிஷம். அந்தக் கோல் பிழை. கையில பட்டது."

"என்ன கதைக்கிறீர்? நான் காணேல்லையே."

"நானும் காணேல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

"அடிச்ச பிள்ளையே சொன்னது."

"உமக்கென்ன விசரே? இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. ஆரும் கேக்கேல்லை, நீரேன் சொல்லுறீர்?"

"நீங்கள்தானே அண்ணை கேட்டனீங்கள்."

நான் அட்டைகளை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஏழு தசம் ஒன்பது. அந்த ஆட்டத்தில் கிண்ணம் வென்றவள் நான், பதக்கம் வாங்கியவள் நான், ஒரு சொல்லால் அவருடைய பதினொரு வருடத்தை எடுத்தவளும் நான். "இல்லை சேர்" என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தப் பதாகை உண்மையாக இருந்திருக்கும். இதைக் கடந்த எட்டு மாதமாக நினைக்கிறேன். கணக்குப் பாடத்தின் நடுவிலும் நினைக்கிறேன்.

லீக்குக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது நமசிவாயம் சேர், "மகள், மதிப்பீட்டைப் பற்றி விளையாடுற ஆக்கள் எழுத விதியில இடமில்லை" என்றார். உமாசுதன் சேருக்கும் இது தெரிந்துவிட்டது. ஒருநாள் கொச்சிக்கடை பஸ் தரிப்பில் என்னைக் கண்டு, "பிள்ளை, இனி எழுதாதேங்கோ. நீங்கள் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுறியள், அவையளுக்கு இன்னும் கோபம் வரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்மேலே கோபம்தான் வந்தது. ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டார். இப்போதும் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. இப்படி ஒரு மனிதரிடம் கோபப்பட்டால் அந்தக் கோபத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

சபையோர்களே, புள்ளியைக் கூட்டுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. புள்ளி சரி. பிழை விட்டார், குறைந்தது. அவரே அதை ஏற்றுக்கொண்டார். நான் கேட்பது வேறு.

போன கிழமை துஷ்யந்தி அக்கா அந்த மதிப்பீட்டுப் படிவத்தின் பிரதியைக் காட்டினார். குறிப்பு என்ற பகுதியில் ஒரு வசனம் இருக்கிறது. "அறுபத்தேழாவது நிமிடத்தில் கோலுக்கு முன் பந்து கையில் பட்டதைக் கவனிக்கத் தவறினார்." அத்துடன் முடிகிறது. யார் கண்டது? யார் சொன்னது? ஒன்றும் இல்லை. நாளைக்கு அந்தக் கோப்பைத் திறப்பவர் என்ன நினைப்பார்? கண்ணில்லாத ஒரு மத்தியஸ்தர், அவரைப் பிடித்துவிட்ட கூர்மையான மதிப்பீட்டாளர். பூபாலசிங்கம் சேர், நீங்கள் வேண்டுமென்று அப்படி எழுதவில்லை என்று நம்புகிறேன். அவர் சொன்னதை எழுதினால் வேறு மத்தியஸ்தர்கள் வாய் திறக்கப் பயப்படுவார்கள் என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் நடந்தது அதுவல்ல. அன்றைக்கு மைதானத்தில் ஒருவரும் காணாத பிழையைத் தானே தேடி, கேட்டு, தன் வாயால் சொன்னவர் அவர். அது எந்தத் தாளிலும் இல்லை. பதாகையில், அவருக்கு இல்லாத தரம் இருக்கிறது. கோப்பில், உண்மையில் இருந்த மனிதர் இல்லை.

ஆகவே இந்தத் தாளைக் கொண்டுவந்திருக்கிறேன். "மேற்படி பிழையை மத்தியஸ்தர் உமாசுதன் தாமாகவே மதிப்பீட்டாளரிடம் தெரிவித்தார்." ஒரே வசனம். கீழே கோல் அடித்தவள் என்று நான் கையெழுத்திட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கோடு வெறுமையாக இருக்கிறது.

நமசிவாயம் சேர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்குத் தந்த ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. உரையின் கடைசியில் ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும் என்றும் புத்தகத்தில் இருந்தது. எனவே சொல்கிறேன். அடுத்த மாதம் நடக்கும் மத்தியஸ்தர் பரீட்சைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். தேறினால் நான் இந்த லீக்கின் மூன்றாம் தர மத்தியஸ்தர். என் ஆட்டங்களுக்கும் இங்கே இருப்பவர்கள்தான் புள்ளி போடுவார்கள். அது தெரிந்துதான் இவ்வளவும் கதைத்தேன். என் பையிலும் ஒரு கறுப்பு டேப் சுருள் இருக்கும். அந்தப் பதாகையில் "முதலாம்" என்ற சொல்லை மறைக்க முதல் துண்டை இன்றைக்கே வெட்டித் தருகிறேன்.

தாளை மேசையில், பூபாலசிங்கம் சேருக்கு முன்னால் வைக்கிறேன். சேர், உங்கள் சட்டைப்பையில் பேனா இருக்கிறது, உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்தபின் மத்தியஸ்தரிடம் நீங்கள் கேட்கும் கேள்வியை, அவருடைய இடத்தில் நின்று, மரியாதையோடு உங்களிடம் கேட்கிறேன்.

மாற்ற விரும்பும் தீர்ப்பு ஏதும் உண்டா?