பூண்டு எண்ணெய், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

உப்பை ஸ்பூனால் அளக்கவே கூடாது ஐயா, எடைதான் போட வேண்டும். பொடியுப்பு ஒரு ஸ்பூனில் ஆறு கிராம் நிற்கும்; கல்லுப்பு அதே ஸ்பூனில் ஐந்துகூட நிற்காது. சமையல் புத்தகம் போடுகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. என் ஓர்ப்படிக்கும் தெரியாது. இரண்டு நாளாகப் பக்கத்து அறையில் உட்கார வைத்து விசாரிக்கிறீர்களே, என் கொழுந்தன் மனைவி, அவளைத்தான் சொல்கிறேன்.

அவள் எதையும் அளக்க மாட்டாள். கைக்கு வந்ததை அள்ளிப் போடுவாள், ருசியாக வந்துவிடும். அது அவள் அதிர்ஷ்டம். பதிப்பகத்தார் வீட்டுச் சமையலுக்கு ஒரு புத்தகம் கேட்டபோது, அளவு சொல்லத் தெரியாமல் என்னிடம்தான் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க இல்லன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

இரண்டு வருடம் அவள் அடுப்புக்குப் பக்கத்தில் தராசோடு நின்றேன். அவள் உப்பை அள்ளினால், கை சட்டிக்குப் போவதற்குள் நான் தட்டை நீட்டுவேன். தட்டில் விழுந்ததை எடைபோட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் அது சட்டிக்குப் போகும். "போலீஸ்காரி மாதிரி நிக்கிறீங்களேக்கா" என்று சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

எதுவும் மூன்று கையில் தேறினால்தான் புத்தகத்தில் ஏறும் என்பது நான் வைத்த சட்டம். முதல் கை அவளுடையது. அடுத்து, எழுதியதைப் பார்த்து நான் என் வீட்டில் செய்து பிள்ளைகளுக்குப் போடுவேன். மூன்றாவது கை எதிர்வீட்டுத் தையல்கார அம்மா. புருஷன் இருந்தவரை அவர்தான் சமைத்துப் போட்டார். இந்த அம்மா மெஷினை விட்டு எழுந்ததே இல்லை. அவர் போன பிறகு, ஐம்பது வயதில், வெங்காயம் நறுக்கவே எங்கள் தாளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அவருக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும்.

கடைசித் திருத்தத்துக்குத் தாள்கள் என்னிடம் வந்தன. அட்டையில் அவள் படம், அவள் பெயர். நான் எங்கே என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில், அடுப்பு பழுது பார்த்தவருக்கும் புகைப்படக்காரருக்கும் கீழே, "அளவு பார்த்து உதவிய அக்காவுக்கும் நன்றி" என்று இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது; மறைக்கவில்லை. கறிவேப்பிலை மாதிரி மணத்துக்குப் போட்டுவிட்டு, சாப்பிடும்போது ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

அன்று மதியம் என் கணவர் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் வைத்தது என் கையால் செய்த கூட்டு.

"என்னதான் சொல்லு, அவ கைப்பக்குவம் உனக்கு வராது. அவ கை பட்டா வெந்நீர்கூட ருசிக்கும்."

இதை வாய் நிறைய என் சோற்றை வைத்துக்கொண்டு சொன்னார். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பூண்டு எண்ணெய். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊற வைப்பது. "குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடவும்" என்று நான்தான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "அலமாரியில் வைத்தால் மூன்று மாதம் வரும்" என்று எழுதினேன். அவள் படித்துப் பார்க்கவில்லை. "அக்கா பார்த்தா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

எண்ணெய் கெட்டுப்போகும், நாலு பேர் அவளுக்குக் கடிதாசி எழுதித் திட்டுவார்கள், அவ்வளவுதான் நினைத்தேன். யாருக்கும் உயிர்ச்சேதம் வர வேண்டும் என்று நான் நினைத்தவளில்லை. அந்தக் குணம் எனக்குக் கிடையாது.

புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்துத் தையல்கார அம்மா ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"முன்னாடி பிரிட்ஜ்ல வைக்கச் சொன்னீங்க. இப்ப அலமாரியே போதும்னு போட்டிருக்கு. நல்லதாப் போச்சு, என் பிரிட்ஜ்தான் ரிப்பேராச்சே. பாருங்க, வாசம்கூட மாறல. இன்னும் வாயில வைக்கல, உங்ககிட்ட கேட்டுட்டு ஊத்திக்கலாம்னு. சரிதானேம்மா?"

"புத்தகத்துல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? மாற்றியது யார் என்று அடுத்த கேள்வி வருமே.

மூன்றாம் நாள் அவருக்கு ஊசி இரண்டிரண்டாகத் தெரிந்தது. பிறகு நாக்கு குழறியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து, போய்ச் சேர்ந்தார். நான் தினமும் போய்ப் பார்த்தேன், கஞ்சி எடைபோட்டுக் காய்ச்சி எடுத்துக்கொண்டு. அவரால் விழுங்க முடியவில்லை. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது தெரியாது என்றேன். அதற்குள் வேறு இரண்டு வீடுகளிலும் அதே எண்ணெய் வாசம் மாறாமலே விஷமாகி ஆள் போய்விட்டதாகப் பத்திரிகையில் வந்தது.

இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்கிறீர்கள். பத்திரிகையில் "சமையல் நிபுணர் அளவில் செய்த தவறு" என்று போட்டு, அங்கேயும் அவள் படத்தையே போட்டிருக்கிறார்கள். அவளுக்கு அளவு என்றால் என்னவென்று தெரியுமா ஐயா? அந்தப் புத்தகத்தில் ஒரு கிராம்கூடப் பிசகு கிடையாது. எல்லாம் நான் நிறுத்த எடை. அந்த ஒரு வரியும் நான் எழுதியதுதான், என் கையெழுத்தில் இருக்கிறது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போகும் என்று மட்டும்தான் நினைத்தேன், இத்தனை தூரம் போகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அந்த அம்மா அன்று கிளம்பும்போது எனக்கும் ஒரு சின்னச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தார், அதுவா? அவர் வாசல் தாண்டியதும் கொல்லையில் குழி தோண்டி, சீசாவோடு புதைத்து, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிள்ளைகள் புழங்குகிற வீடு, ஐயா.