முகத்துவாரத்தில் சிக்கிய கயிறு

மாலை ஏழு மணி இருக்கும். தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் ஒரு மணல் ரோடு பிரியும், தெரியும்தானே? ஆற்று முகத்துவாரம் வரை போகும். ஒரு பக்கம் அலையாத்திக் காடு, மறுபக்கம் கடல். நடுவில் ஒரு வீடு கிடையாது, விளக்கு கிடையாது. அந்த ரோட்டில் அன்றைக்கு ஒரே ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான்... ஃபிதென்சியோ.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்கிற கதை இல்லை இது.

நம்ம படகுக்கார நிக்கானோர் இருக்கிறாரே, அவருடைய தங்கச்சி அம்பாரோவைக் கட்டியவன்தான் ஃபிதென்சியோ. எனக்கு இதைச் சொன்னது நிக்கானோர். அவர் சொன்ன வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன். எங்கேயாவது பிசகினால் அது என் பிசகு.

அந்த வாரம் முழுக்கக் கடல் கையை விரித்துவிட்டது. மலையில் பெய்த மழை ஆற்றோடு இறங்கி, கரையோரத் தண்ணீர் எல்லாம் காப்பி நிறம். தினமும் இருட்டோடு நிக்கானோரும் ஃபிதென்சியோவும் ஃபைபர் படகை அலைக்குள் தள்ளி ஏறுவார்கள். வெயில் ஏறும்வரை தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வந்து மணலில் படகை ஏற்றும்போது பெட்டியில் ஐஸ் மட்டும் உருகிக் கிடக்கும்.

"ஏன் மாப்ளே, விருந்து வைக்கப்போறேன்னு மீனுக்கெல்லாம் முன்னாடியே சேதி சொல்லிட்டியா? ஒண்ணுகூடக் கிட்ட வரமாட்டேங்குது."

"உங்க வாயைக் கேட்டுத்தான் ஓடிருச்சு மச்சான். பேசாம எஞ்சினைப் பாருங்க."

"கோழி அடிச்சிரு. கோழிக்கு எஞ்சின் வேணாம், அலை வேணாம். துரத்துனா மாட்டிக்கும்."

விருந்து என்றது ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தை. அம்பாரோவுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது, பெண். பிறந்து ஆறு வாரம். தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்கும்வரை, பொழுது சாய்ந்தபின் பிள்ளையை வாசலுக்குக்கூடக் கொண்டுவராதே என்று ஊரே சொல்லியிருந்தது. அவள் ஜன்னலையே திறப்பதில்லை. ஞானத்தாயாக நிற்க ஃபிதென்சியோவின் அக்கா மெக்சிகோ சிட்டியிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். ஆள் உயரக் கொடுவா மீனைப் பிளந்து அலையாத்தி விறகில் சுட்டுப் போடுகிறேன் என்று அவளிடம் போனில் பெருமை அடித்திருந்தான் இவன்.

சனிக்கிழமை மாலை, பலகையில் சுற்றிய கைத்தூண்டிலையும் வாளியையும் எடுத்தான்.

"கோழி போதும்யா," என்றாள் அம்பாரோ. "யாரும் உன்னை ஒண்ணும் கேக்கப்போறதில்ல. இன்னிக்கு ஒரு ராத்திரிதான். வீட்ல இரு."

"ஒரு எறி எறிஞ்சிட்டு வந்துர்றேன்."

அவன் முகத்துவாரம் போய்ச் சேர்ந்தபோது கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். இடுப்பளவுத் தண்ணீரில்... முதுகு இந்தப் பக்கம். தலையில் ஓலைத் தொப்பி. ஃபிதென்சியோவுக்கு நிம்மதிதான். ஆள் நிற்கிற இடத்தில் மீன் இருக்கும். தூண்டில் போடுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது மரியாதை இல்லை. அதனால் கொஞ்சம் தள்ளி இறங்கி, மடவை மீன் துண்டைக் கொக்கியில் கோத்து, ஈயக்குண்டைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தான்.

விர்ர்ர்... பொளக்.

அந்தப் பக்கத்து ஆளும் எறிந்தார். விர்ர்ர்... என்று சுழலும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

பொளக் கேட்கவில்லை.

காற்றுதான் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தான். பிறகு ஒரு வாடை வந்தது. கடல் வாடை இல்லை. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால், ஈரத்தோடு மடித்துவைத்த துணி ஒரு வாடை அடிக்குமே... அது.

அப்போது கயிறு இழுபட்டது. மீன் இழுப்பு இல்லை. பக்கவாட்டில் மெதுவாக, கனமாக. பக்கத்து ஆளின் கயிற்றோடு சிக்கிக்கொண்டது.

சிக்கினால் நாம் என்ன செய்வோம்? இரண்டு பேரும் கயிற்றைச் சுற்றிக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம். முடிச்சு இருக்கிற இடத்தில் சந்திப்போம். சிரித்துக்கொண்டே பிரித்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போவோம். அடுத்தவர் கயிற்றை மட்டும் வெட்டமாட்டோம். வெட்டவே வேண்டி வந்தாலும், வெட்டியதை எடுத்துக்கொண்டு போய் அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். எங்கேயும் எழுதிவைக்காத வழக்கம். ஆனால் இந்தக் கரையில் அதை மீறினவன் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

"ஐயா... சிக்கிக்கிச்சு! நான் வர்றேன், நீங்களும் சுத்துங்க!"

பதில் இல்லை. ஆனால் அந்த முனையிலும் சுற்றுவது விரலில் தெரிந்தது. ஒரு இழுப்பு... நிறுத்தம். ஒரு இழுப்பு... நிறுத்தம். ஒழுங்கு தெரிந்த ஆள்தான்.

இவனும் சுற்றிக்கொண்டே நடந்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. ஓலைத் தொப்பி மட்டும் கிட்ட வரவில்லை. ஒரு பெரிய அலை வந்து இவன் மார்பில் மோதிச் சிதறியது. அதே அலை அந்த ஆள் நின்ற இடத்தையும் தாண்டித்தான் வந்தது. அங்கே அது மோதவில்லை... நுரைக்கவில்லை... அங்கே யாருமே நிற்காத மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

ஃபிதென்சியோ கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். அது தொப்பியை நோக்கிப் போகவில்லை. நேராகக் கீழே போனது. அவன் காலடிக்கு.

ஒரு இழுப்பு... நிறுத்தம்.

கணுக்காலில் எதுவோ உரசியது. சொரசொரவென்று. விரல் மாதிரியும் இருந்தது, கயிறு மாதிரியும் இருந்தது.

கத்தியை எடுத்தான். வெட்டினான். பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். அந்த மணல் ரோட்டில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு விளக்கில்தான் தெரிந்தது. பலகையில் இவனுடைய வெள்ளை நைலானோடு இன்னொரு கயிறும் சேர்ந்து சுற்றியிருந்தது. கற்றாழை நாரில் திரித்து, தார் பூசிய கறுப்புக் கயிறு. அப்படி ஒன்றை நம்மில் யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அதிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

அம்பாரோ தொட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"யாருதுய்யா இது?"

சொன்னான்.

"வெட்டுனியா?"

"வெட்டுனேன்."

"கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா."

"யாருகிட்டடி கொடுக்கச் சொல்ற?"

அவன் பலகையை வெளியே, வேலிப் படலில் மாட்டிவிட்டுக் கதவைத் தாழ் போட்டான். அலமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். இரண்டு பேரும் பிள்ளையை நடுவில் போட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது. பால் குடிக்கவில்லை.

நடுராத்திரி தாண்டியிருக்கும். ரோட்டின் கடைசியில்...

சர்ர்ர்.

நிறுத்தம்.

சர்ர்ர்.

கயிறு சுற்றுகிற சத்தம். வெட்டிய கயிற்றைச் சுற்றிக்கொண்டே வருகிற சத்தம். அவசரமே இல்லை. தோப்பைத் தாண்டியது. சந்து நாய்கள் குரைக்கவில்லை, ஒவ்வொன்றாக முனகி அடங்கின. சத்தம் வேலிக்கு வந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம். அந்தப் பெட்டி வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து வீடு முழுக்க நிறைந்தது. அம்பாரோ பிள்ளையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். தண்ணீர் ஊற்றாத பிள்ளை, பெயரில்லாத பிள்ளை... என்ன சொல்லிக் காப்பாற்றுவாள்? தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக அதன் காதில் சொன்னாள்.

சத்தம் நின்றது.

அதே நொடியில் பிள்ளையின் அழுகையும் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது. கண்ணை அகலத் திறந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. தூங்கவில்லை.

விடிந்ததும் கதவைத் திறந்தார்கள். படலில் பலகை தொங்கியது, வெறும் பலகை. கறுப்புக் கயிறும் இல்லை, வெள்ளைக் கயிறும் இல்லை. வாசற்படியில் ஒரு கொடுவா கிடந்தது. ஆள் உயரம். செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

ஃபிதென்சியோ அதைத் தொடவில்லை. நிக்கானோர் வந்தார். அவர் வாயைத் தெரியும் உங்களுக்கு. அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி இல்லை. மீனைச் சாக்கில் சுருட்டிப் படகில் போட்டுக்கொண்டு தனியாக அலையைத் தாண்டிப் போனார். அதை நடுக்கடலில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக் கழுவி வந்தார்.

"பிள்ளை நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா இருக்குண்ணே. அழவே இல்ல," என்றாள் அம்பாரோ.

"அப்ப கெளம்புங்க. சீக்கிரம் தண்ணி ஊத்திரலாம்."

கோவிலில் முன்வரிசையில் நிக்கானோர் நின்றார். காலை பஸ்ஸில் வந்திறங்கிய ஃபிதென்சியோவின் அக்கா பிள்ளையை ஏந்தினாள். பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றினார், பெயரைச் சொன்னார். அம்பாரோவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஃபிதென்சியோ சிரித்தேவிட்டான். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

பிள்ளையின் வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. துடைத்துவிடலாம் என்று அக்கா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவள் பட்டணத்துக்காரி. நிக்கானோருக்குப் புரிந்தது. கைத்தூண்டில் போட்டே காலம் தள்ளினவர்களுக்கு, கயிறு ஓடி ஓடி, ஆள்காட்டி விரலின் உள்பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்குமே... தோல் தடித்து, காய்ப்பு ஏறி, கட்டை மாதிரி. அவருக்கே அது முழுசாக விழ முப்பது வருஷம் ஆனது.

ஆறு வாரக் குழந்தையின் விரலில் அது இருந்தது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல் மெதுவாக மேலே எழுந்தது. அசையாமல் நின்றது. கண்ணுக்குத் தெரியாத எதையோ தாங்கிக்கொண்டு... மீன் கடிக்கட்டும், இன்னும் நன்றாகக் கடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.