குளிரில் கிடந்த உடும்பு

எல்லாருக்கும் பசி வந்திருக்கும். ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன். ஒரு சின்னக் கதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன்... கதை ஒரு உடும்பைப் பத்தி.

கல்யாண மேடையில உடும்பா? சிரிங்க, பரவாயில்லை. எனக்கு முன்னாடி வாழ்த்திப் பேசினவர், மணப்பெண் நிவேதிதாவைப் பத்தி, "இந்தப் பொண்ணு இருக்கிற இடமே தெரியாது, அவ்வளவு அமைதி"ன்னு சொன்னார். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. மாப்பிள்ளை அருள்மொழியும் தட்டினார். எனக்குக் கை எழும்பலை. ஏன்னு சொல்றேன்.

என்கிட்டப் படிச்ச பொண்ணு ஒருத்தி, பேரு பூங்கோதை. கல்யாணமாகிக் கணவர் சுதாகரோட கனடா போனா. மூணு வருஷம் ஆச்சு. சுதாகர் நல்லவர்தான். குடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். போன்ல என்கிட்டப் பெருமையாச் சொல்லுவார். "மேடம், எங்க வீட்ல சத்தமே வராது. எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'தான்."

ஒருநாள் பூங்கோதை தனியாக் கூப்பிட்டா. "மேடம்... நான் ஊருக்கே வந்துடட்டுமா?" அவ்வளவுதான் கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள வச்சுட்டா. இது சுதாகருக்குத் தெரியாது.

அந்த ஞாயித்துக்கிழமை அவர் உடும்பு வாங்கப் போறார். நம்ம ஊர்ல உடும்பு வளர்த்தா ஜெயில். அங்க அதுக்குன்னே கடை இருக்கு, கண்ணாடிப் பெட்டி இருக்கு. இவளையும் கூட்டிட்டுப் போனார்.

மூணு பெட்டி. முதல் உடும்பு ஆளைக் கண்டதும் மண்ணுக்குள்ள புகுந்துடுச்சு. ரெண்டாவது தொண்டையை உப்பிக்கிட்டுச் சீறுச்சு. மூணாவது... சும்மா கிடந்தது. கையில எடுத்தார், கையிலயும் சும்மா கிடந்தது.

கடைக்காரர் சொன்னார். "முதல் தடவையா வளர்க்கிறீங்க. ஓடுறதையோ சீறுறதையோ எடுங்க, அதுங்க நல்லா இருக்கு. இந்தப் பெட்டியில சூட்டு விளக்கு காலையிலயே எரிஞ்சு போச்சு, இது குளிர்ல கிடக்கு. மாத்தினப்புறம் வந்து பாருங்க. இது எப்படிப்பட்டதுன்னு அப்பதான் தெரியும்."

சுதாகர் என்ன நினைச்சார்? விக்காததை நம்ம தலையில கட்டப் பார்க்கிறான். "இல்லைங்க, இந்தச் சாதுதான் எனக்கு வேணும்." பூங்கோதையைக் கேட்டாரா? கேட்கலை. என்ன சொல்லுவான்னுதான் தெரியுமே.

வீட்ல பெட்டி தயாரா இருந்தது. விளக்கைப் போட்டு, அதுக்கு அடியில உடும்பை விட்டார். பத்து நிமிஷம்... ஒண்ணும் இல்லை. இருபது நிமிஷம்... தோல் கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது. அப்புறம் தலை தூக்குச்சு. மெதுவா... அவர் பக்கம் திரும்புச்சு.

இவர் இந்தப் பக்கம் நடந்தார். தலை இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போனார். அந்தப் பக்கம் வந்தது. நாக்கு மட்டும் வெளிய வந்து வந்து போச்சு. "என்னடா செல்லம்"னு கையை விட்டார். வால் கண்ணாடியில அறைஞ்ச சத்தத்துல கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டார்.

"இது அது இல்லை. மாத்திக் கொடுத்துட்டான் கடைக்காரன்."

பின்னாடி சோபாவுல இருந்து ஒரு குரல். "அதேதான். குளிர் விட்டுப் போச்சு."

வீட்ல ரெண்டே பேர்தான். ஆனா அது யாரு குரல்னு அவருக்கு ஒரு நிமிஷம் புரியலையாம்... நினைச்சுப் பாருங்க.

பூங்கோதை பேசினா. "கடையில அது தூங்கலை. கண்ணு பாதி திறந்துதான் இருந்தது. உங்க கையில கிடந்தப்பவும் உங்களையேதான் பார்த்துட்டு இருந்தது. அசைய முடியலை, அவ்வளவுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவ சுதாகரையே பார்த்தா. கண்ணை எடுக்காம.

அவர் மெதுவாக் கேட்டார். "நீ... என்னை எத்தனை நாளா இப்படிப் பார்த்துட்டு இருக்கே?"

"மூணு வருஷமா."

அவர் உடும்பைக் காட்டிக் கேட்டார், "இதைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கிக்கலாமா?"

அவ கேட்டா, "மறுபடியும் சும்மா கிடக்கிறதாப் பார்த்து வாங்கவா?"

சுதாகர் தரையில உட்கார்ந்துட்டார். அன்னிக்குத்தான் முதல் தடவையா, "உனக்கு என்ன வேணும், சொல்லு"ன்னு கேட்டார். சாயங்காலம் வரைக்கும் அவ பேசினா. சிலதைக் கேட்கவே முடியலைன்னு அவரே என்கிட்டச் சொன்னார். ஆனா எழுந்து போகலை. உடும்பு அங்கேயேதான் இருக்கு. இப்ப வரைக்கும் அவரைக் கண்டாச் சீறுது. பூங்கோதை ஊருக்கு வரலை... இனிமே வர மாட்டான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இவ்வளவுதான் கதை. எதுக்குச் சொன்னேன்? வீட்ல ஒருத்தர் பேசாம இருந்தா அது சம்மதம்னு நினைச்சுக்கிறோம். குணம்னு நினைச்சுக்கிறோம். பொண்ணு பார்க்கப் போற இடத்துல அதைத்தானே முதல்ல விசாரிக்கிறோம்? அது குணமா குளிரான்னு யாராவது பார்த்தோமா?

அருள்மொழி, 'உங்க இஷ்டம்'னு பதில் வந்தா அதோட விட்டுடாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க. ரெண்டாவதா வர்ற பதில் உங்களுக்குப் பிடிக்காமப் போகலாம். அப்பவும் அங்கேயே உட்கார்ந்து கேளுங்க. அதுக்குப் பேருதான் குடும்பம் நடத்துறது.

இன்னொண்ணு தம்பி... நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து நிவேதிதா என்னைப் பார்க்கலை. உங்களைத்தான் பார்த்துட்டு இருக்கா. திரும்புங்க. ஏதாவது கேளுங்க.

மைக்கை நான் அணைச்சுடறேன்.