மூணு கட்டத்துல அடங்காத விலாசம்

அந்தக் குதிரை வண்டிக்காரன நாந்தான் போகச் சொன்னேன் தம்பி, கோவிச்சுக்கிராதீக. பெட்டிய எறக்கி இங்குட்டு வச்சிட்டேன். அங்குட்டு வெயிலு, இந்தப் பெஞ்சுல ஒக்காருங்க. இல்ல இல்ல, ஒங்க ஆத்தா நல்லா இருக்காக, கொப்புடையம்மன் மேல சத்தியமாச் சொல்றேன். கம்பெனிக் கார் வரும், அதுலதான் நீங்க வீட்டுக்குப் போகணும். அது வர்ற வரைக்கும் ஒங்கள இந்த பஸ் ஸ்டாண்ட விட்டு நகர விடக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு. காரணம் இருக்கு, சொல்றேன். ஆனா நான் சொல்ற வரிசையிலதான் சொல்லுவேன். முன்னப்பின்ன இழுத்தீகன்னா எனக்கே கொழம்பிரும்.

என்னையத் தெரியலயா? நாந்தான் தங்கச்சாமி, சாக்கோட்டைக்காரன். தலைமை ஆபீசுல ரிக்கார்டு குமாஸ்தா. நீங்க மலேயாவுக்குக் கப்பலேறுனப்ப ஒங்க பேருல கட்டுப் போட்டு, செவப்பு நாடா சுத்தி பீரோவுல வச்சவன். அப்ப எனக்கு முடி இருந்துச்சு, அதான் அடையாளம் தெரியல.

பாய், ரெண்டு டீ. ஒண்ணுல சீனி தூக்கலா. இவரு நாகூர் கனி பாய், நல்ல மனுசன். ஏன் ஒங்கள அப்பிடிப் பாக்குறாருன்னா... விடுங்க, அதுவும் வரிசையில வரும். பாய், கிளாசப் பாத்து ஊத்துங்க, டீ பூரா தரையில போகுது.

கப்பல் எப்பிடி, ஆட்டமா? நாகப்பட்டினத்துல எறங்குன ஒடனே ஆபீசுக்குத் தந்தி அடிச்சிட்டீக, அது சரி, கம்பெனி சட்டம். வீட்டுக்கு அடிக்கலையே. ஆத்தா முன்னால திடீர்னு போயி நிக்கலாம்னா? நல்ல ஆசைதான். பினாங்குல ஒங்கள ஏத்திவிட ஒங்க அண்ணன், அதான் பெரியப்பச்சி மகன், வந்திருந்தாகளா? ஓ, துறைமுகம் வரைக்குமா. சரி. நல்லா இருந்தாகளா? ம். நல்லாத்தான இருந்திருப்பாக.

சரி, விசயத்துக்கு வாரேன். எங்க ரிக்கார்டு ரூம நீங்க உள்ள வந்து பாத்ததில்ல. பர்மாத் தேக்குல ஆளுயர பீரோ வரிசையா நிக்கும். ஆளுக்கு ஒரு கட்டு. யாரு மகன், எந்த ஊரு, எந்த வீடு, எந்தக் கிளையில வேலை, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாருக்குச் சொல்லி விடணும், அம்புட்டும் அதுல. போன வருசம் மெட்ராசுல இருக்க டைரக்டருக்கு ஒரு யோசனை வந்துச்சு. இந்தக் கட்டெல்லாம் பழசு, எல்லாத்தையும் அட்டையில ஓட்டை போட்டு மெஷினுக்குள்ள மாத்திரணும். நாங்க ஒரு ஆளத் தேடிப் பீரோவுல ஏறி எறங்குற நேரத்துல மெஷின் கம்பெனி ஆளுக எல்லாரையும் வரிசையா நிறுத்திரும்னாக.

அதுக்குன்னு மெட்ராசுலருந்து சோமுன்னு ஒரு பையன் வந்தான். காரைக்குடியில, சித்திரை வெயில்ல, டை கட்டிக்கிட்டு. நல்ல பையன், கெட்டிக்காரன், அதையும் சொல்லணும். மாத்துறதுக்கு ரெண்டு வழி இருக்குன்னான். ஒண்ணு, ஒவ்வொரு கிளையா மாத்துறது. மெஷினும் ஓடும், பழைய பீரோவும் ஓடும், ரெண்டும் ஒரே பதில் சொல்லுதான்னு கொஞ்ச மாசம் ஒத்துப் பாத்துட்டு அப்பறம் பீரோவ மூடுறது. இன்னொண்ணு, ஒரே ஞாயித்துக்கெழமையில எல்லாத்தையும் மாத்திப்பிட்டு திங்கக்கெழம புது மாப்பிள்ளையா எந்திரிக்கிறது. மொத வழி நல்லதுன்னு அவனே சொன்னான். ஆனா பீரோவுலயும் எழுதணும் அட்டைக்கும் எழுதணும்னா ரெட்டை வேலை யாரு பாக்குறது? குமாஸ்தாக்கள் எல்லாரும் ஒருமனதா ரெண்டாவது வழிக்குக் கை தூக்குனோம். டைரக்டருக்கும் வருசாந்திரக் கூட்டத்துல பெருமையாச் சொல்லணும். முடிஞ்சு போச்சு.

மாத்துறதுல உள்ள கூத்தக் கேளுங்க. பொறந்த தேதிக்கு அட்டையில எடம் விட்டிருக்கான். நம்ம கட்டுல தேதி எங்க இருக்கு? ஆடி மாசம் உத்திரட்டாதின்னு இருக்கு. புயலடிச்சதுக்கு மறு வருசம்னு இருக்கு. மெஷினுக்கு நட்சத்திரம் தெரியாதாம். சரின்னு எல்லாத்துக்கும் ஜூலை ஒண்ணுன்னு போட்டு விட்டோம். இப்ப கம்பெனியில பாதிப் பேரு ஒரே நாள்ல பொறந்தவுக, நீங்களும்தான். கரையான் தின்ன பக்கத்துக்கு நாங்களே யோசிச்சு எழுதுனோம். மொதப் பெட்டி அட்டை மெட்ராசுக்குப் போறப்ப மேனேஜர் பூசை போட்டு எல்லா அட்டையிலயும் சந்தனம் தெளிச்சிட்டாரு. அங்க மெஷினுக்குள்ள போயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, இஞ்சினீயர் வந்து ஸ்பூனால சொரண்டி எடுத்தாராம்.

தப்பு வராம இருக்க ஏற்பாடு இல்லாம இல்ல. ஒரே விசயத்த ரெண்டு பொண்ணுக தனித்தனியா அட்டையில ஓட்டையா அடிக்கணும். ரெண்டு பேரு அடிச்சதும் ஒத்துப் போனா அட்டை சரி. ஒங்களுக்குப் புரியுதுல்ல? ரெண்டு பேரும் ஒரே தப்பச் செஞ்சா அதுவும் சரி.

இப்பத்தான் ஒங்க விசயம் வருது. அட்டையில மொத்தமே எம்பது கட்டம். அதுல இனிஷியலுக்கு மூணு கட்டம் ஒதுக்கியிருக்கான். மெட்ராசுல ஒரு மனுசனுக்கு மூணு எழுத்து தாராளம். செட்டிநாட்டுல இனிஷியலத்தான் விலாசம்பாக, அதுக்கு மூணு காணுமா? பூட்டன், பாட்டன், அப்பன்னு ரயில் பெட்டி மாதிரி நீளுதே. ஒங்களையே எடுத்துக்கங்க. ஒங்க ஐயா, அதான் அப்பச்சியப் பெத்தவுக, பேரு சேவுகன் செட்டியாரு. அவுக மூத்த மகன் ஒங்க பெரியப்பச்சி பழனியப்பன், எளையவுக ஒங்க அப்பச்சி சுப்பையா. ரெண்டு பேருமே மகனுக்கு ஐயா பேரத்தான் வைக்கணும், அதான ஒங்க வழக்கம். ஆக வீட்டுல ரெண்டு சேவுகன். மூனா ரூனா சேனா பானா சேவுகன் பெரியவரு. மூனா ரூனா சேனா சூனா சேவுகன் நீங்க. நாலாவது எழுத்துலதான் அண்ணன் யாரு தம்பி யாருங்கிறதே இருக்கு. மெஷின் மூணோட நிறுத்திருச்சு.

வீட்டு விலாசத்த வச்சுக் கண்டுபிடிக்கலாமேன்னா கேக்குறீக? சோமுவும் அதத்தான் பண்ணுனான். ஊரு ஒண்ணு, தெரு ஒண்ணு, கதவு நம்பரும் ஒண்ணு. ஒரே வாசலு, உள்ள போனா ஒங்களுக்கு ஒரு அடுப்பு, அவுகளுக்கு ஒரு அடுப்பு. அடுப்புக்கு அட்டையில கட்டம் கெடையாது.

ஞாயித்துக்கெழம மாத்தி முடிச்சு எண்ணிப் பாத்தா, பீரோவுல இருந்த ஆளவிட மெஷின்ல ஆளு கொறையுது. நாங்க பதறிட்டோம். சோமு சிரிக்கிறான். ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒரே வீடு, இத்தன வருசமா ஒரே ஆள ரெண்டு தடவ எழுதி வச்சிருக்கீக, மெஷின் கண்டுபிடிச்சு ஒண்ணக் கழிச்சிருச்சுன்னான். ரிக்கார்டு சுத்தமாயிருச்சாம். மேனேஜர் லட்டு வாங்கியாரச் சொன்னாரு. நான் ரெண்டு தின்னேன். பழைய கட்டெல்லாம் கோணிச்சாக்குல கட்டி கிட்டங்கியில போட்டு மேல நெல்லு மூட்டைய அடுக்கிட்டோம்.

அப்பறம் நடந்தது ஒண்ணொண்ணும் சிரிப்புத்தான். கண்டிக் கிளையில ஒருத்தரு லீவு கேட்டு எழுதுனாரு. கோலாலம்பூர்ல இருக்க அதே பேருக்காரருக்கு லீவு சாங்ஷன் ஆயிருச்சு. அவரு மறுப்பே சொல்லல. ஊருக்கு வந்து கல்யாணம் முடிச்சுட்டுத் திரும்பிட்டாரு. கண்டிக்காரரு இன்னும் எழுதிக்கிட்டே இருக்காரு.

சிரிங்க தம்பி, நல்லாச் சிரிங்க. இப்ப ஒங்களுது. பதறாமக் கேளுங்க. முந்தாநேத்து பினாங்குலருந்து ஆபீசுக்கு ஒரு தந்தி. எம் ஆர் எஸ் சேவுகன் மாரடைப்புல காலமாயிட்டாருன்னு. அங்கயும் மூணு எழுத்துத்தான் போடணும்னு நாங்களே சுற்றறிக்கை அனுப்பியிருந்தோம். மெட்ராசுலருந்து மெஷின் அடிச்சு அனுப்புன பட்டியல்ல தேடுனா அந்தப் பேருல ஒரே ஒரு அட்டை இருக்கு, ஒங்க அட்டை. யாருக்குச் சொல்லணும்? தாயார் மீனாட்சி ஆச்சி. நீங்க ஈப்போவுல இல்ல இருக்கணும், பினாங்குல எப்பிடின்னு நான் கேட்டேன். கப்பலேற பினாங்குக்குத்தான வந்திருப்பான், அங்க வச்சு ஆகிப்போச்சுன்னு மேனேஜர் சொன்னாரு. அதுவும் பொருந்துச்சு. மாலையோட அவரே ஒங்க வீட்டுக்குப் போயிட்டாரு.

ஆமா. நீங்க செத்து ரெண்டு நாளாச்சு. வாசல்ல பந்தல் போட்டிருக்கு. ஊரு பூரா வந்து எழவு கேட்டுட்டுப் போயிருச்சு, நம்ம பாயும் வந்தாரு. அதான் ஒங்களப் பாத்ததும் டீயத் தரையில ஊத்துனாரு. நேத்துப் பொழுதுசாய ஒங்க நாகப்பட்டினத்துத் தந்தி என் மேசைக்கு வந்துச்சு பாருங்க, எறங்கிட்டேன், காலைல பஸ்ஸுல வாரேன்னு. செத்தவரு அடிச்ச தந்திய எந்த பைலுல கோக்குறதுன்னு எனக்குத் தெரியல. மேனேஜர் மூஞ்சியில ஈயாடல. எவனாச்சும் வெளையாடுறானோன்னு பினாங்குக்குத் திருப்பித் தந்தி அடிச்சோம். பதில் இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு.

ஓடாதீக. ஆத்தாளுக்கு ஒண்ணும் ஆகல, அழுதுக்கிட்டுத்தான் இருக்காக. அழுறவுகளுக்குப் புள்ள வந்து நின்னா போதும், எல்லாம் சரியாப் போயிரும். ஒரு மணி நேரம் கூடுதலா அழுகட்டும்னு மேனேஜர் சொன்னப்ப நானும் அவரப் படுபாவின்னுதான் நெனச்சேன்.

என்ன சிரிப்பு நின்னுபோச்சு? கேளுங்க.

ம்.

அண்ணனான்னா கேக்குறீக? ஆமா தம்பி. தந்தி பொய்யில்ல. ஆளுதான் மாறிப்போச்சு. ஒங்களக் கப்பலேத்திவிட்டு நம்ம பினாங்குக் கிளைக்குத் திரும்பி, மூணு நாலு நாளு கழிச்சு, கணக்கு எழுதிக்கிட்டே சாஞ்சுட்டாகளாம். பெரியவருதான். மனச விட்டுறாதீக, தண்ணி குடிங்க. பாய், தண்ணி.

கார் தேவகோட்டைக்குப் போயிருக்கு. பெரியவரு சம்சாரம் உண்ணாமலை ஆச்சியோட அப்பச்சியக் கூட்டியார. நீங்க உசுரோட உள்ள வந்தா யாரும் வாயத் தொறக்க வேண்டியதே இல்ல, அப்ப செத்தது யாருன்னு அந்த ஆச்சிக்குத் தானாத் தெரிஞ்சுரும். அந்த நேரம் பெத்தவராச்சும் பக்கத்துல இருக்கட்டும்னு மேனேஜர் சொல்றாரு. எனக்கு வேற யோசனை வரல.

ரெண்டு நாளா ஒங்க ஆத்தாளத் தாங்கிக்கிட்டு இருக்குறது யாருன்னு நெனைக்கிறீக? அந்த ஆச்சிதான். தன் அடுப்புலருந்து கஞ்சி வச்சுக் கொண்டாந்து ஊட்டுறாக, தலைய மடியில வச்சுத் தடவி விடுறாக. நான் பாத்துட்டு வந்தேன். நெத்தி நெறையக் குங்குமத்தோட ஒக்காந்து, பினாங்குல எங்க வீட்டுக்காரக இருக்காக, தம்பிய அநாதையா விட்டிருக்க மாட்டாக, கூடவே இருந்து எல்லாம் செஞ்சிருப்பாகன்னு ஒங்க ஆத்தாளுக்குத் தைரியம் சொல்லிக்கிட்டு இருக்காக.

எந்திரிக்காதீக தம்பி. ஒக்காருங்க. நீங்க இந்தப் பெஞ்சுல இருக்க வரைக்கும் அந்த ஆச்சிக்குப் புருசன் இருக்காரு.