கையை இறக்கும் வரை

அண்ணன்: மேடையில என் இடத்துல ஒரு ஸ்டாண்ட் நிக்குதே... யார் கொண்டுவந்து வச்சது?

தங்கை: கையைப் பின்னாடி நீட்டு. கோட்டு மாட்ட வேண்டாமா?

அண்ணன்: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

தங்கை: ஹால்காரங்க வச்சிருப்பாங்க.

அண்ணன்: அது மேல சுரமெல்லாம் எழுதின ஸ்கோர் புத்தகம் வேற விரிச்சு வச்சிருக்கு. அதுவும் ஹால்காரங்க வீட்டுச் சொத்தா?

தங்கை: இருந்துட்டுப் போகட்டுமே. ஆர்கெஸ்ட்ராவுல எங்க எல்லார் முன்னாடியும் ஸ்டாண்ட் இருக்கு. உன் முன்னாடி இருந்தா மட்டும் குத்துதா?

அண்ணன்: நீங்க வாசிக்கிறவங்க. நான் கண்டக்டர், கையசைச்சு உங்களை நடத்தறவன். இத்தனை வருஷமா ஒரு காகிதம் இல்லாம நின்னவன்.

தங்கை: ஆமாமா. அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க, என் பையன் கண்டக்டர் ஆயிட்டான்னு. எதிர்வீட்டு மாமா உடனே, "அப்படியா, எந்த ரூட்டு?"ன்னாரு.

அண்ணன்: நீ என்ன சொன்ன? "எந்த ரூட்டுன்னாலும் சில்லறை தரமாட்டான் மாமா"ன்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

தங்கை: அதெல்லாம் நல்லாத்தான் ஞாபகம் இருக்கு.

அண்ணன்: ...என்ன பேச்சு இது?

தங்கை: ஒண்ணுமில்ல. பட்டனை மாத்திப் போட்டிருக்க. நேரா நில்லு.

அண்ணன்: நீ வயலினைத் துடைச்சு வை போ. முதல் வயலின் நீ, சபை முழுக்க உன்னைத்தான் பார்க்கும். இங்க வந்து எனக்குப் பட்டன் போட்டுட்டு...

தங்கை: அண்ணி இருந்தப்போ அவங்க போட்டாங்க. இப்ப நான் போடறேன். சும்மா இரு.

அண்ணன்: அந்த ஸ்டாண்டை எடுக்கச் சொல்லு.

தங்கை: நீ புத்தகம் இல்லாம நிக்க ஆரம்பிச்சதே ஒரு விபத்து. மறந்துட்டியா?

அண்ணன்: எதை மறப்பேன்? பூங்காவுல வாசிச்சோம். காத்து அடிச்சுது பாரு... பக்கம் பக்கமாப் பறந்துச்சு.

தங்கை: ஒரு பக்கம் ஒரு கிழவர் மூஞ்சியில போய் ஒட்டிக்கிச்சு.

அண்ணன்: அவரு அதை எடுத்து மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு! மிச்சத்தை மனசுல இருந்தே நடத்தி முடிச்சேன். அன்னியிலிருந்துதான்...

தங்கை: அன்னியிலிருந்துதான் நீ பெரிய ஆளு. புல்தரையில தவழ்ந்து தவழ்ந்து பக்கம் பொறுக்கினது நானு. பேர் வாங்கினது நீ.

அண்ணன்: பொறாமை.

தங்கை: முட்டி தேஞ்சுது. அதுக்கு வேற பேரா?

மேனேஜர்: சார்... உள்ள வரலாமா?

அண்ணன்: வாங்க ஸ்டேஜ் மேனேஜர் சார். உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். அந்த ஸ்டாண்ட்...

மேனேஜர்: விளக்கு சரியா விழுதா சார்? எழுத்து தெரியணும்னு மேடம் சொன்னாங்க, அதான் ஒண்ணு சேர்த்து...

தங்கை: நீங்க வந்த வேலையைச் சொல்லுங்க.

மேனேஜர்: ஹவுஸ்ஃபுல் சார். அதைச் சொல்லத்தான் வந்தேன். நிக்கக்கூட இடமில்ல. போன தடவை கடைசியில ஒரு மௌனம் வச்சீங்களே... பத்திரிகையில எல்லாம் எழுதினாங்களே, அதைக் கேக்கணும்னே வந்திருக்காங்க. என் வீட்டம்மாவும் வந்திருக்கா. அவளுக்குப் பாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். ஆனா அந்த மௌனம் வேணுமாம்.

அண்ணன்: ...நல்லது.

மேனேஜர்: மணி அடிச்சதும் கூப்பிடறேன் சார்.

அண்ணன்: கதவைச் சாத்திட்டுப் போங்க... ஹால்காரங்க வச்சாங்களா? ம்?

தங்கை: அந்த ஆளு வாயில எதுவும் நிக்காது.

அண்ணன்: ஏன் வச்ச?

தங்கை: வயசாகுது. ஒரு கைத்தடி மாதிரி இருக்கட்டுமேன்னு.

அண்ணன்: எனக்கா? காலையில ஒத்திகையில பார்த்தல்ல? ரெண்டாவது பகுதியில வயோலாக்காரங்க எங்க நிறுத்தி எடுக்கணும்ங்கறது வரைக்கும் சொன்னேன்.

தங்கை: சொன்ன. அதையே ரெண்டு தடவை சொன்ன.

அண்ணன்: அவங்க சரியா வாசிக்கல.

தங்கை: முதல் தடவையே சரியாத்தான் வாசிச்சாங்க. ரெண்டாவது தடவை நீ, புதுசாச் சொல்ற மாதிரி அதே இடத்துல நிறுத்தி, அதே வார்த்தையைச் சொன்ன. அவங்களும் புதுசாக் கேக்கற மாதிரி தலையாட்டினாங்க.

அண்ணன்: ...தூக்கம் சரியில்ல. அவ்வளவுதான்.

தங்கை: சரி.

அண்ணன்: "சரி"ன்னு இழுக்காத. எந்த இடம் வேணும்னாலும் கேளு, பாடிக் காட்டறேன். மூணாவது பகுதி... செல்லோ ஆரம்பிக்கும்... தா... ரா-ரி... தா... சரியா?

தங்கை: சரியா இருக்கு. அழகா இருக்கு.

அண்ணன்: பின்ன?

தங்கை: பின்ன ஒண்ணுமில்ல. தண்ணி குடி.

அண்ணன்: என்னைச் சின்னப்பிள்ளை மாதிரி...

தங்கை: சின்னப்பிள்ளையா இருந்தப்போவே நீ அப்படித்தான். பள்ளிக்கூட ஆர்கெஸ்ட்ராவுல உனக்கு ட்ரையாங்கிள், அந்த முக்கோணக் கம்பியைக் குடுத்தாங்க. மொத்தப் பாட்டுக்கும் ஒரே ஒரு அடி. அதையும் விட்டுட்ட.

அண்ணன்: கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். எல்லாரும் வாசிக்கறது அவ்வளவு நல்லா இருந்துச்சு... நானும் வாசிக்கணும்ங்கறதே மறந்துபோச்சு.

தங்கை: அப்பா முகம் போன போக்கு இருக்கே! புதுச் சட்டை போட்டுட்டு வந்து உக்கார்ந்திருந்தாரு, அந்த ஒரு அடியைக் கேக்க.

அண்ணன்: சிரிக்காத.

தங்கை: நீயுந்தான் சிரிக்கிற.

அண்ணன்: ...அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு.

தங்கை: எது?

அண்ணன்: போன கச்சேரி. கடைசியில.

தங்கை: அந்த மௌனமா? "கையை இறக்காமல் நின்றார், அரங்கமே மூச்சை நிறுத்தியது"ன்னு எழுதினாங்களே. வெட்டி வச்சிருக்கேன்.

அண்ணன்: உன்னைப் பத்தியும் எழுதினான். "முதல் வயலின் கலைஞரின் கண்களில் நீர்"னு.

தங்கை: விளக்கு கண்ணுல அடிச்சுது.

அண்ணன்: நீ எத்தனை வருஷமா விளக்குக்குக் கீழ உக்கார்ற?

தங்கை: ...ஏதோ சொல்ல வந்த. சொல்லு.

அண்ணன்: கண்டக்டர் கை மேல இருக்கிற வரைக்கும் யாரும் கைதட்ட மாட்டாங்க. பாட்டு இன்னும் முடியலன்னு அர்த்தம். இறக்கினாத்தான் முடிஞ்சுது.

தங்கை: எனக்கே பாடமா?

அண்ணன்: குறுக்க பேசாத. கஷ்டப்பட்டுச் சொல்றேன்... நான் மௌனமா நிக்கல. முடிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியல. புல்லாங்குழல் இப்ப வரும், இப்ப வரும்னு காத்துக்கிட்டு நின்னேன். ஊர்ல எல்லாத் தெருவும் தெரியுது. எந்தத் தெருவுல நிக்கிறேன்னுதான் தெரியல. அப்படி ஒரு நிலைமை. பயமா இருந்துச்சு. கையை இறக்கினதும் ஜனங்க எழுந்து நின்னு கைதட்டறாங்க, எனக்குச் சட்டையெல்லாம் வேர்வை.

தங்கை: உக்காரு. இந்த நாற்காலியில உக்காரு.

அண்ணன்: இன்னிக்கு அதையே வேணும்னு கேக்கறாங்க. மறந்ததுக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்காங்க! நான் எங்க போய் முட்டிக்கறது?

தங்கை: டாக்டர்கிட்ட...

அண்ணன்: போனேன். உன்கிட்டச் சொல்லல. ஆரம்பம்தானாம். "ஆரம்பம்"னு அவரு சொன்ன விதத்துலயே தெரிஞ்சுது, நடுவும் முடிவும் இருக்குன்னு.

தங்கை: தனியாவா போன?

அண்ணன்: உன்னைக் கூட்டிட்டுப் போனா நீ அங்கயே ஒப்பாரி வைப்ப.

தங்கை: வைப்பேன். எனக்கு வேற யாரு இருக்கா?

அண்ணன்: சரி, சரி... ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அன்னிக்கு முடிஞ்சுபோச்சுன்னா நீங்க வயலின் வில்லைக் கீழ இறக்கியிருக்கணும்ல? ஒருத்தரும் இறக்கல. நீ, பின்வரிசை, செல்லோக்காரங்க... எல்லாரும் கம்பி மேலயே வச்சுக்கிட்டு இருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் இன்னும் பாக்கி இருக்குன்னு நான் நம்பினேன்.

தங்கை: நீ புல்லாங்குழல்காரரைப் பார்த்து லேசா புருவத்தைத் தூக்கின. "வா"ன்னு கூப்பிடற மாதிரி.

அண்ணன்: கூப்பிட்டேன். அவரும் குழலை உதட்டுல வச்சாரே!

தங்கை: வச்சாரு. வாசிக்க அவருக்கு ஒரு சுரம்கூட மிச்சமில்ல. ஆனா நீ கூப்பிட்டுட்டியே, கீழ வச்சா உனக்கு அவமானமாயிடுமேன்னு வச்சாரு. அவரு வச்சதைப் பார்த்து நான் வில்லைக் கம்பியில நிறுத்தினேன். என்னைப் பார்த்து மத்தவங்க.

அண்ணன்: அப்போ... எல்லாருக்கும் தெரியுமா?

தங்கை: தெரியும்.

அண்ணன்: காலையில ரெண்டு தடவை தலையாட்டினது...

தங்கை: தெரிஞ்சுதான். ஸ்டாண்ட் வைக்கணும்னு சொன்னதே அவங்கதான் அண்ணா. உன்கிட்டச் சொல்ல யாருக்கும் மனசு வரல. கடைசியில என் தலையில கட்டிட்டாங்க. எனக்கும் வாய் வரல, அதான் ஹால்காரங்க மேல பழியைப் போட்டேன்.

அண்ணன்: என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வாசிக்கிறாங்களா?

தங்கை: பரிதாபமா? நீ கத்தின கத்தலுக்கு உன் மேல யாரு பரிதாபப்படுவா? உனக்காகக் காத்திருந்தாங்க. நீ எங்களுக்காக எத்தனை தடவை காத்திருக்க? அந்தக் குழல்காரரோட மனைவி இறந்த மாசம், அவரு பாதியில உடைஞ்சுபோய் நின்னாரு. நீ கையை மேலயே வச்சுக்கிட்டு நின்ன. அவரு மறக்கல.

மேனேஜர்: சார், மணி அடிச்சாச்சு. ஆர்கெஸ்ட்ரா ரெடி. அந்த ஸ்டாண்டை எடுத்துடவா? ஏதோ சொல்ல வந்தீங்களே...

அண்ணன்: இருக்கட்டும்.

மேனேஜர்: சார்?

அண்ணன்: இருக்கட்டும்னேன். விளக்கைக் கொஞ்சம் கிட்ட தள்ளி வைங்க. எழுத்து தெரியணும்.

மேனேஜர்: இதோ சார்.

தங்கை: அண்ணா...

அண்ணன்: கடைசிப் பக்கத்தைப் புரட்டினா, அதுக்கு மேல பக்கம் இருக்காதுல்ல?

தங்கை: இருக்காது. அட்டைதான்.

அண்ணன்: நல்லது. நான் நடத்தினது இன்னியோட போதும்னு ஆர்கெஸ்ட்ரா கமிட்டிக்கும் சொல்லிடறேன். அதை நானே சொல்றேன், அதையும் உன் தலையில கட்ட மாட்டேன்... நான் அசைச்சு நடத்தற குச்சி எங்க?

தங்கை: உன் கையிலதான் இருக்கு.

அண்ணன்: ...அட, ஆமா. வா, போலாம். வயலினை எடு.

தங்கை: பயமா இருக்கா?

அண்ணன்: இருக்கு. அட்டை வந்தப்புறமும் நான் கையை இறக்கலன்னா... நீ வில்லை எடுத்து மடியில வை. எனக்குப் புரிஞ்சுடும்.

தங்கை: அன்னிக்கு எப்படிப் புரிஞ்சுது? யாரும் எதையும் இறக்கலையே. அதை மட்டும் நீ இன்னும் சொல்லல.

அண்ணன்: எல்லாரையும் பார்த்தேன், கடைசியா உன்னைப் பார்த்தேன். நீ அழுதுக்கிட்டிருந்த. அப்பத்தான் முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சுது... இன்னிக்கு வில்லை மட்டும் வை. அழாதம்மா.